வேலண்ட்-புரோட்டோகால்ஸ் 1.32 ஏற்றிவிட்டேன், எழுத்து இன்னும் மங்கல்தான்

லயத்துப்பையன் | பொகவந்தலாவை | சனி இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மாலை வகுப்புக்காக எட்டு பழைய லெப்டொப் இருக்கின்றன. 4 ஜிபி ரேம், 14 அங்குலத் திரை, 1920×1080. எல்லாவற்றிலும் டெபியன் 12 லினக்ஸ். கனமான டெஸ்க்டொப் எதையும் இவை தாங்காது என்பதால் வேலண்டில் (செயலிகளின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் முறை) ஓடும் லேப்-டபிள்யூசி என்ற லேசான ஜன்னல் மேலாளரைப் போட்டிருக்கிறேன். வேகத்துக்குக் குறை சொல்ல முடியாது.

குறை எழுத்தில்தான். திரை அளவை 1இல் வைத்தால் தமிழ் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. 2இல் வைத்தால் பாதி ஜன்னல் திரைக்கு வெளியே போய்விடுகிறது. 1.5 வைத்தால் பனி இறங்கின மாதிரி மங்கல். ணவும் னவும் ஒன்றுபோலத் தெரிவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

தேடிப் பார்த்ததில், திரை அளவை 1.5 போலப் பின்னமாக வைப்பதற்கென்று ஃபிராக்ஷனல்-ஸ்கேல் என்ற நெறிமுறை ஒன்று இருப்பதும், அது வேலண்ட்-புரோட்டோகால்ஸ் பெக்கேஜில் வருவதும் தெரிந்தது. சரி, புது லேப்-டபிள்யூசி 0.7ஐ மூலத்திலிருந்து (சோர்ஸ் கோடிலிருந்து) கட்டலாம் என்று இறங்கினேன். கூடவே வரும் டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நூலகத்தின் 0.17 மறித்துவிட்டது: வேலண்ட்-புரோட்டோகால்ஸ் 1.31 இருக்கிறது, 1.32 வேண்டுமாம். ஒரே ஒரு எண் வித்தியாசம்!

இறக்கும் அளவுக்குச் சிக்னல் கோயில் மேட்டில்தான் கிடைக்கும். அங்கே போய் 1.32ஐ இறக்கி, மீசன் என்ற கட்டும் கருவியை ஓட்டி, 'சூடோ நிஞ்சா இன்ஸ்டால்' கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெளியேறித் திரும்ப உள்ளே வந்து பார்த்தால் எழுத்து அப்படியேதான் இருக்கிறது. லேப்-டபிள்யூசியைத் திரும்பக் கட்டப் போனால் இப்போது வேறு குறை: வேலண்ட்-சேர்வர் 1.21 இருக்கிறது, 1.22 வேண்டும் என்கிறது.

அதையும் இதே மாதிரி ஏற்றிவிடலாமா? நாளைக் காலையில் மேட்டுக்குப் போகிறேன். அதற்கு முன் யாராவது சொன்னால் நல்லது.

மடுவம் | ஹட்டன் | சனி இரவு 9.24

தம்பி, 1.22ஐ அப்படி ஏற்ற வேண்டாம். சாப்பிட்டு வந்து விளக்கமாக எழுதுகிறேன்.

பழையகங்காணி | நானுஓயா | சனி இரவு 9.31

இதற்குத்தான் நான் வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11ஐ விட்டு நகரவே இல்லை. 1987இல் வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் போடுங்கள், எழுத்துருவின் டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவை) 96இலிருந்து 120 ஆக்குங்கள், வேலை முடிந்தது. எதற்கு இந்தப் பாடு?

லயத்துப்பையன் | பொகவந்தலாவை | சனி இரவு 9.40

கங்காணி அண்ணே, எக்ஸ்எஃப்சிஇ முன்பு போட்டிருந்தேன். எங்கள் மெஷின்களில் வீடியோ ஓடும்போது படத்தின் நடுவே கோடு கிழிந்து தெரிந்தது. வேலண்டுக்கு வந்த பிறகு அது இல்லை. திரும்பிப் போக மனமில்லை.

மடுவம் | ஹட்டன் | சனி இரவு 10.15

சரி, வந்துவிட்டேன்.

முதலில் அந்தப் பெக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏற்றின கோப்புறையைத் திறந்தால் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகள், வெறும் எழுத்து வடிவ விவரம். ஓடக்கூடிய நிரல் என்று ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கட்டுவதற்கு அதில் எதுவுமே இல்லை, கோப்புகளை நகலெடுத்து வைத்ததோடு சரி. எந்தச் செயலி எந்தச் செய்தியை அனுப்பலாம், அதற்கு மறுபக்கம் என்ன பதில் தரலாம் என்ற விதிகளைத்தான் அந்த எக்ஸ்எம்எல் சொல்கிறது. ஒரு நிரலைக் கட்டும்போது வேலண்ட்-ஸ்கேனர் என்ற கருவி இதைப் படித்து சி மொழியில் தலைப்புக் கோப்பும் ஒட்டுக் குறியீடும் எழுதிக் கொடுக்கும். கட்டி முடித்த நிரலுக்கு இந்தப் பெக்கேஜோடு எந்தச் சோலியும் கிடையாது. இப்போதே நீக்கிப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் நிற்காது.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தேயிலைக் கிரேட் பட்டியல் ஒன்று இருக்கிறது: பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று. நாளைக்கு அந்தப் பட்டியலில் புதுக் கிரேட் ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் அது தொழிற்சாலையிலிருந்து வந்துவிடுமா? அந்த அளவுக்குச் சலிக்கிற சல்லடை உள்ளே இருக்க வேண்டும். அப்புறம் அதைக் கேட்டு வாங்கவும் ஆள் வேண்டும். இங்கே பட்டியல் என்பது வேலண்ட்-புரோட்டோகால்ஸ். தொழிற்சாலை என்பது கொம்பொசிட்டர் (ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல்), அதாவது உங்கள் லேப்-டபிள்யூசி. வாங்குகிறவர் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஒஃபிஸ் போன்ற செயலிகள். நீங்கள் மாற்றியது சுவரில் இருந்த பட்டியலை மட்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தேடும் ஃபிராக்ஷனல்-ஸ்கேல் 1.31இலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் சேர்ந்தது. டெபியன் 12இல் பட்டியல் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. சல்லடைதான் இல்லை, ஏனென்றால் டபிள்யூஎல்ரூட்ஸ் அந்த நெறிமுறையைப் பேசத் தொடங்கியது 0.17இல். அந்த 0.17 ஏன் 1.32 கேட்கிறது என்றால், சுட்டியின் வடிவத்தைக் கொம்பொசிட்டரிடமே விட்டுவிடும் கர்சர்-ஷேப் என்ற வேறொரு நெறிமுறைக்காக. உங்கள் மங்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். வேலண்ட்-யூட்டில்ஸ் பெக்கேஜைப் போட்டு 'வேலண்ட்-இன்ஃபோ' ஓட்டுங்கள். ஒரு செயலி வந்து இணையும்போது கொம்பொசிட்டர் "எனக்கு இவையெல்லாம் தெரியும், இந்தப் பதிப்பு வரைக்கும் தெரியும்" என்று ஒரு பட்டியல் வாசிக்கும். வேலண்ட்-இன்ஃபோ காட்டுவது அதைத்தான். அதில் 'டபிள்யூபி_ஃபிராக்ஷனல்_ஸ்கேல்_மேனேஜர்_வி1' என்ற வரி இல்லையென்றால், எந்தப் பெக்கேஜை எத்தனை தரம் ஏற்றினாலும் எழுத்து தெளியாது.

லயத்துப்பையன் | பொகவந்தலாவை | ஞாயிறு காலை 7.05

மேட்டிலிருந்து எழுதுகிறேன். மழை தூறுகிறது, குடைக்குள் லெப்டொப்.

வேலண்ட்-இன்ஃபோ ஓட்டினேன். அந்த வரி இல்லை. ஏறக்குறைய ஒரு வாரமாகப் பட்டியலைத்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி. ஏற்றின 1.32ஐ என்ன செய்வது? வேலண்ட்-சேர்வர் 1.22ஐ ஏன் ஏற்றக் கூடாது? அதுவும் எக்ஸ்எம்எல்தானே?

ஊவாக்காற்று | பண்டாரவளை | ஞாயிறு காலை 8.30

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன் நான்.

அது எக்ஸ்எம்எல் இல்லை தம்பி. வேலண்ட்-சேர்வர், வேலண்ட்-கிளையண்ட் இரண்டும் லிப்வேலண்ட் என்ற நிஜ நூலகத்தின் பாகங்கள். உங்கள் மெஷினில் வேலண்டில் ஜன்னல் திறக்கும் ஒவ்வொரு செயலியும் அதை ஓடும்போதே இழுத்துக்கொள்ளும். செயலிகளின் ஜன்னல்களை வரையும் ஜிடிகே, கியூட்டி, கிராஃபிக்ஸ் நூலகமான மெசா எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

நான் உபுண்டு 20.04 வைத்திருந்த காலம். அதில் வந்த லிப்வேலண்ட் 1.18. எனக்கு ஏதோ ஒன்றுக்காக 1.19 தேவைப்பட்டது. மூலத்தை இறக்கி 'யூஎஸ்ஆர்/லோக்கல்' அடியில் ஏற்றினேன். ஆவணங்களையும் சேர்த்துக் கட்டுவதுதான் அதன் இயல்பு என்று தெரியாமல் டொக்ஸிஜன், கிராஃப்விஸ் எல்லாம் இறக்கியது வேறு கதை. அந்த மாதம் டேட்டா அத்தோடு சரி. 'டாக்குமெண்டேஷன்=ஃபோல்ஸ்' என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் போதும்.

வேலை நடந்தது. மறந்தும் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

அப்புறம் 22.04க்கு மேம்படுத்தினேன். மெஷின் எழுந்தது, ஆனால் ஒரு செயலியும் திறக்கவில்லை. டெர்மினலில் பார்த்தால் எதைத் தொட்டாலும் ஒரே பாட்டு: 'டபிள்யூஎல்_ப்ராக்ஸி_மார்ஷல்_ஃபிளேக்ஸ்' என்ற குறியீட்டைக் காணோம் என்று. மெசாவைத் திரும்பப் போட்டேன். ஜிடிகேயைத் திரும்பப் போட்டேன். கடைசியில் ஹோம் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் அழிக்கத் தயாராகிவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்தக் குறியீடு லிப்வேலண்ட் 1.20இல்தான் வந்தது. 22.04இல் இருப்பதும் 1.20. அதன் செயலிகள் எல்லாம் அது இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. ஆனால் நூலகம் தேடும்போது 'லோக்கல்' கோப்புறைக்குத்தான் முதல் இடம். அங்கே நான் மறந்துபோன கிழட்டு 1.19 வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே நல்ல 1.20 இருந்தும் யாரும் அதுவரைக்கும் போகவில்லை.

இரண்டு கோப்பை அழித்து 'எல்டிகொன்ஃபிக்' ஓட்டினதும் எல்லாம் உயிர்வந்தது. மூன்று நாள் பாடு, மூன்று நொடி மருந்து.

புதிய லிப்வேலண்ட் பழைய செயலிகளுக்கு ஒத்துவரும், அதில் அவர்கள் கறார். அதனால் இன்றைக்கு 1.22 ஏற்றினால் இன்றைக்கு ஒன்றும் உடையாது. ஆபத்து என்றைக்கோ ஒருநாள் டெபியன் அதைத் தாண்டிப் போகும்போது வரும். அப்போது வகுப்பை யார் நடத்துவார்களோ, அவர்கள் தலையில் விழும்.

மடுவம் | ஹட்டன் | ஞாயிறு காலை 9.10

ஊவாக்காற்று சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் கேள்விக்கு: கட்டின கோப்புறையை அழித்துவிடவில்லையே? அதற்குள் போய் 'சூடோ நிஞ்சா அன்இன்ஸ்டால்' கொடுங்கள். ஏற்றும்போது எழுதி வைத்த பதிவைப் பார்த்துத்தான் அது நீக்கும், கோப்புறை போய்விட்டால் கையால்தான் பொறுக்க வேண்டும். அது அங்கே கிடந்தாலும் இன்றைக்குக் கேடில்லை. ஆனால் இனிமேல் அந்த மெஷினில் எதைக் கட்டினாலும், தேவையானவற்றைத் தேடிக் கொடுக்கும் பிகேஜி-கொன்ஃபிக் முதலில் அந்த 1.32ஐத்தான் பார்க்கும். ஆறு மாதம் கழித்து "1.32 எங்கிருந்து வந்தது" என்று முழிக்க வேண்டாம்.

பிரட்டுக்களம் | தலவாக்கலை | ஞாயிறு காலை 10.02

எதற்கு மூலத்திலிருந்து? டெபியன் 13இன் வேலண்ட்-புரோட்டோகால்ஸ் டெப் கோப்பை அப்படியே இறக்கி 'டிபிகேஜி' கொண்டு 12இல் போட்டால் ஆயிற்று. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பொதிமாடு | கண்டி | ஞாயிறு காலை 10.20

செய்யக் கூடாது. ஒரு வெளியீட்டில் இன்னொரு வெளியீட்டின் பெக்கேஜைக் கலப்பது டெபியனில் முதல் பாவம். இதைச் செய்யாதீர்கள் என்று அவர்கள் விக்கியில் ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரட்டுக்களம் | தலவாக்கலை | ஞாயிறு காலை 10.26

பாவ புண்ணியம் இருக்கட்டும், என்ன உடையும் என்று சொல்லுங்கள். எல்லா வகை மெஷினுக்கும் ஒரே கோப்பு, வேறு எந்தப் பெக்கேஜையும் இழுக்காது, உள்ளே எக்ஸ்எம்எல் மட்டும். எது உடையும்?

பொதிமாடு | கண்டி | ஞாயிறு காலை 11.15

நியாயமான கேள்வி. இந்த ஒரு பெக்கேஜில் அநேகமாக ஒன்றும் உடையாது, ஒத்துக்கொள்கிறேன். என் பயம் வேறு. இன்று இது வேலை செய்தது என்பதால் நாளைக்கு அதே கையோடு லிப்வேலண்டின் டெப்பையும் இறக்குவார்கள். அது புது லிப்சி கேட்கும், ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் அடித்தளமான நூலகம் அது. லிப்சியை மாற்றினால் பாதி மெஷின் மாறின மாதிரி. இந்த இழையைத் தொடங்கின தம்பி வேலண்ட்-சேர்வரும் எக்ஸ்எம்எல்தானே என்று கேட்டார், பாருங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, பெயர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்.

நான் சில காலமாகச் சின்ன விநியோகம் ஒன்றுக்குப் பெக்கேஜ் கட்டுகிறேன், இதுவும் என் பட்டியலில் உண்டு. இதைப் புதுப்பிப்பது போல லேசான வேலை கிடையாது: எண்ணை மாற்று, மூலக் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார், கட்டு. சோதனைகள் ஓடினால் வேலண்ட்-ஸ்கேனர் தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் அதோடு கை கழுவிவிட முடியாது. இது கட்டும்போது மட்டும் தேவைப்படுவது என்பதால் தப்பு இருந்தாலும் அன்றைக்குத் தெரியாது. அடுத்த வாரம் இன்னொருவர் மட்டர், கேவின் போன்ற கொம்பொசிட்டர்களைத் திரும்பக் கட்டும்போதுதான் வெடிக்கும். அதனால் எண்ணை மாற்றினதும் இதை நம்பி நிற்கும் பெரியவற்றை நானே ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுவேன்: ஜிடிகே, கியூட்டியின் வேலண்ட் பகுதி, மெசா, டபிள்யூஎல்ரூட்ஸ். பெக்கேஜுக்கு ஐந்து நிமிடம், சோதனைக்கு ஒரு ராத்திரி.

இவ்வளவு செய்தும் இது வெடித்து நான் பார்த்தது குறைவு. காரணம் அவர்கள் பழைய கோப்பை எறிவதில்லை. 'அன்ஸ்டேபிள்' கோப்புறையில் பிறந்த, ஜன்னல்களுக்கான எக்ஸ்டிஜி-ஷெல் நெறிமுறை இன்று 'ஸ்டேபிள்' ஆகிவிட்டது, ஆனாலும் அதன் வி5, வி6 கோப்புகள் பழைய இடத்திலேயே கிடக்கின்றன. அந்தக் காலத்தில் இசட் என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பார்கள், நிலைபெற்றதும் பெயர் மாறும், எல்லாச் செயலியும் குறியீட்டை மாற்ற வேண்டும். 2021இல் 'ஸ்டேஜிங்' என்று ஒரு நடுப்படி கொண்டுவந்தார்கள். அதில் பிறப்பது நிலைபெற்றாலும் பெயர் மாறாது. ஃபிராக்ஷனல்-ஸ்கேல் அந்த வகை. என் பார்வையில் அவர்கள் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

பிரட்டுக்களம் | தலவாக்கலை | ஞாயிறு காலை 11.21

சரி, சமாதானம். இந்த ஒன்றுக்கு மட்டும் செய்வேன், வேறு எதற்கும் செய்யமாட்டேன்.

பழையகங்காணி | நானுஓயா | ஞாயிறு பகல் 12.40

எக்ஸிலும் இப்படி ஒன்று உண்டு, எக்ஸ்ஓஆர்ஜி-புரோட்டோ. முன்பு ராண்டர் நீட்சிக்கு ஒன்று, ரெண்டர் நீட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஒரு குவியலே இருந்தது. 2018இல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். உள்ளே சி தலைப்புக் கோப்புகள். வருடத்துக்கு ஒருதரம் அசைந்தாலே பெரிது. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மடுவம் | ஹட்டன் | ஞாயிறு பகல் 12.58

கங்காணி அண்ணே, அசையாமல் கிடப்பதற்குப் பெயர் நிம்மதிதானா? உபுண்டு 25.10 வந்தபோது நோம் டெஸ்க்டொப்பின் எக்ஸ் அமர்வையே எடுத்துவிட்டார்கள். கேடிஇ பிளாஸ்மா 6உம் 2024இல் வேலண்டை முதல் தேர்வாக்கிவிட்டது. நீங்களும் ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வரத்தான் வேண்டும்.

பழையகங்காணி | நானுஓயா | ஞாயிறு பகல் 1.03

வரும்போது பார்க்கலாம். அதுவரை என் எழுத்து தெளிவாக இருக்கிறது, தம்பியுடையது மங்கலாக இருக்கிறது.

பொதிமாடு | கண்டி | ஞாயிறு பகல் 2.30

அந்தக் குத்தலில் உண்மை இருக்கிறது, அதனால் மங்கலுக்கு வருவோம். இதைப் பற்றி இங்கே இன்னும் யாரும் பேசவில்லை.

பழைய முறையில் கொம்பொசிட்டர் செயலிக்குச் சொல்லக்கூடிய அளவு முழு எண் மட்டும்தான். 1, 2, 3. நீங்கள் 1.5 வைத்தால் செயலியிடம் "2இல் வரை" என்று சொல்லிவிட்டு, வரைந்து வந்த படத்தை 1.5க்குச் சுருக்கும். சுருக்கும்போது பிக்சல்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆங்கில எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் சுழி, கொம்பு, புள்ளி என்று எல்லாம் நெருக்கமாக இருப்பதால் உடனே தெரியும். ணவுக்கும் னவுக்கும் வித்தியாசமே ஒரு சுழிதானே.

ஃபிராக்ஷனல்-ஸ்கேல் முறையில் 120ஐ அடிப்படையாக வைத்து எண் அனுப்புவார்கள். 1.5 என்றால் 180. 1.25 என்றால் 150. செயலி அந்த அளவிலேயே நேராக வரையும், வியூபோர்ட்டர் என்ற இன்னொரு நெறிமுறை வழியாக "இது இவ்வளவு இடத்துக்கு" என்று ஒப்படைக்கும். சுருக்கும் வேலையே இல்லை.

ஆனால் இதற்குச் செயலியும் இந்த நெறிமுறையைப் பேச வேண்டும். ஜிடிகே 3 பேசாது. முழு எண் மட்டும்தான் அதற்குத் தெரியும், இனி மாறப்போவதும் இல்லை. கியூட்டி 6 நன்றாகவே பேசும். தம்பி, உங்கள் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் திறப்பது எதை?

லயத்துப்பையன் | பொகவந்தலாவை | ஞாயிறு மாலை 5.45

லிப்ரேஒஃபிஸ், ஃபைல் மேனேஜர், எழுதப் பழக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், அப்புறம் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. முதல் மூன்றும் ஜிடிகே 3 என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் புது லேப்-டபிள்யூசியைக் கட்டியிருந்தாலும் இவை மங்கலாகவே இருந்திருக்குமா?

பொதிமாடு | கண்டி | ஞாயிறு மாலை 5.52

ஆம்.

மடுவம் | ஹட்டன் | ஞாயிறு மாலை 6.10

சல்லடை வந்தாலும் வாங்க ஆள் இல்லை.

திரை அளவை 1க்கே கொண்டு வாருங்கள். அப்புறம் 'ஜிசெட்டிங்ஸ்' கொண்டு நோம் டெஸ்க்டொப் இன்டர்ஃபேஸ் பகுதியில் டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டரை 1.25 ஆக்குங்கள். ஜிடிகே செயலிகள் எழுத்தை மட்டும் பெரிதாக, நேரடியாக வரையும். எதுவும் சுருங்காது, மங்காது. ஐகன்கள் சின்னதாகவே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கங்காணி அண்ணன் நேற்று டிபிஐ 120 என்று சொன்னதும் இதே கணக்குத்தான்: 96இன் 1.25 மடங்கு. அவர் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்.

பழையகங்காணி | நானுஓயா | ஞாயிறு மாலை 6.12

:-)

கரும்பலகை | கொட்டகலை | ஞாயிறு இரவு 8.00

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். இந்த இழையில் எழுத்தைக் காட்டுவது பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எழுதுவது என்ன ஆயிற்று? என்னிடம் உள்ள மெஷினில் எக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வைத்து ரெங்கநாதன் விசைப்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். லேப்-டபிள்யூசிக்கு மாறினதும் சில செயலிகளில் தமிழ் வருகிறது, சிலவற்றில் வரவே இல்லை. இதற்கும் இதே பெக்கேஜ்தான் காரணமா?

மடுவம் | ஹட்டன் | ஞாயிறு இரவு 8.40

டீச்சர், நல்ல கேள்வி. பாதி ஆம், பாதி இல்லை.

செயலிக்கும் கொம்பொசிட்டருக்கும் நடுவில் உள்ள டெக்ஸ்ட்-இன்புட் என்ற நெறிமுறை இந்தப் பெக்கேஜில் இருக்கிறது, இன்னும் 'அன்ஸ்டேபிள்' கோப்புறையில்தான். அதில் வி1, வி3 என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு. ஜிடிகே பேசுவது வி3. குரோமியம் நீண்ட காலம் வி1 மட்டும் பேசியது, வி3 பின்னால்தான் வந்தது. உங்களிடம் சிலவற்றில் வருவதும் சிலவற்றில் வராததும் பெரும்பாலும் இதனால்தான். கொம்பொசிட்டருக்கும் ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிக்கும் நடுவில் இருக்கும் இன்புட்-மெத்தட் வி2 இந்தப் பெக்கேஜிலேயே கிடையாது. அதை டபிள்யூஎல்ரூட்ஸ் தன் மூலத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆக, வேலண்ட் நெறிமுறை எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கும் என்று எண்ணக் கூடாது.

எஃப்சிடிஎக்ஸ் 5உம் அதன் எம்17என் (பல மொழி விசைப்பலகைத் தொகுப்பு) துணைப் பெக்கேஜும் போடுங்கள். எம்17என் தொகுப்பில் ரெங்கநாதனும் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது. பழைய லேப்-டபிள்யூசி என்றால் 'ஜிடிகே_ஐஎம்_மொட்யூல்' மாறியில் எஃப்சிடிஎக்ஸ் என்று கொடுத்துவிட்டால் ஜிடிகே 3 செயலிகள் வேலண்டைச் சுற்றிக்கொண்டு நேராகவே அதனோடு பேசும்.

கரும்பலகை | கொட்டகலை | ஞாயிறு இரவு 8.55

எக்ஸ்கேபியில் இலங்கைக்கென்று தமிழ்99 தளவமைப்பு ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காதல்லவா?

பொதிமாடு | கண்டி | ஞாயிறு இரவு 9.20

இருக்காது டீச்சர், ஆனால் வேறு குறை வரும். எக்ஸ்கேபி என்பது இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற நிலையான அட்டவணை. முன்னால் என்ன எழுதினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99இன் அழகே ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவது. க க என்று தட்டினால் க்க வரும். எக்ஸ்கேபியில் அந்தப் புள்ளியை ஒவ்வொரு தரமும் நீங்களே வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படிப் பழக்கிவிட்டால் பிறகு சரியான கருவியில் உட்காரும்போது கை தடுமாறும். எம்17என் பக்கமே போங்கள்.

லயத்துப்பையன் | பொகவந்தலாவை | புதன் இரவு 9.30

திரும்ப வந்தேன். மூன்று நாளாக மழை. செவ்வாய் இரவு முழுக்கக் கரண்டும் இல்லை.

செய்ததைச் சொல்கிறேன். 'லோக்கல்' அடியில் ஏற்றின 1.32ஐ நீக்கிவிட்டேன், கட்டின கோப்புறை நல்லவேளை இருந்தது. ஏழு மெஷினில் அளவு 1, எழுத்து 1.25. மடுவம் அண்ணே, வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஐகன் சின்னது என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்துக் காட்டினாள். (பிறகு திரும்பப் போடச் சொன்னேன்.)

எட்டாவதை மட்டும் ஆசைக்கு டெபியன் 13 ஆக்கினேன். ஹட்டனுக்கு பஸ்ஸில் எடுத்துப்போய், தெரிந்தவர் கடையில் வயர் போட்டு இறக்கினேன். அதில் லேப்-டபிள்யூசி புதியது. வேலண்ட்-இன்ஃபோ ஓட்டினால் அந்த ஃபிராக்ஷனல் ஸ்கேல் வரி இருக்கிறது! அளவை 1.25 வைத்து ஓகுலர் என்ற பிடிஎஃப் வாசிப்பானில் வினாத்தாளைத் திறந்தேன். ஓகுலர் கியூட்டி 6 என்பதால் கத்தி மாதிரி தெளிவு. அதே திரையில் பக்கத்தில் ஃபைல் மேனேஜர், பொதிமாடு அண்ணன் சொன்ன மாதிரியே பனிக்குள். இரண்டையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

அப்புறம் அதையும் 1க்கே மாற்றிவிட்டேன்.

டீச்சர், எஃப்சிடிஎக்ஸ் போட்டுப் பார்த்தீர்களா? எங்களுக்கு டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் வருகிறது, குரோமியத்தில் இன்னும் வரவில்லை. ஞாயிறு மேட்டுக்குப் போகும்போது பார்ப்பேன்.

கரும்பலகை | கொட்டகலை | புதன் இரவு 9.52

போட்டேன் தம்பி. லிப்ரேஒஃபிஸில் வருகிறது. குரோமியத்துக்கு வி3 என்று சொல்லும் கட்டளை வரிக் கொடி ஒன்றை மடுவம் அனுப்பியிருக்கிறார், நாளைக்குப் பாடசாலையில் முயன்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.